வாட்ஸ் கேட்காதீங்க... மில்லிமீட்டர் கேளுங்க!

சப்வூஃபர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, இது எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். கடைக்காரரும் சளைக்காமல் "ஆயிரத்து இருநூறு", "ரெண்டாயிரத்து நானூறு" என்று அடுக்குவார். எண் ஏற ஏற வாங்குகிறவரின் முகமும் மலரும். விழுப்புரத்தில் வீட்டு டி.வி-க்குப் பக்கத்தில் வைக்கிற சின்னப் பெட்டிக்கும் இதே கேள்விதான். திண்டிவனம் பக்கத்து கிராமத்தில் ஆடி மாதக் கூழ் வார்த்தலுக்காக லோடு வண்டியில் ஏற்றுகிற பெரிய பெட்டிக்கும் இதே கேள்விதான்.

ஆனால், அந்தப் பெட்டி எவ்வளவு ஆழமாக, எவ்வளவு சுத்தமாக 'அடிக்கும்' என்பதை வாட்ஸ் மட்டும் சொல்லிவிடாது. அதைச் சொல்கிற எண், டேட்டா ஷீட்டின் அடிப்பகுதியில், பலரும் தாண்டிப் போகிற ஒரு வரியில் மில்லிமீட்டரில் இருக்கும். ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைச் சொல்கிற எண் அது. இந்த ஓட்டத்துக்கு எக்ஸ்கர்ஷன் என்று பெயர். ஒலி கெடாமல் கோன் ஓடக்கூடிய எல்லைக்கு 'எக்ஸ்மேக்ஸ்' என்று பெயர்.

வீட்டுக்கு வாங்குகிறவருக்கு இது தெரியாவிட்டால் சில ஆயிரம் ரூபாய் வீண். சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவருக்குத் தெரியாவிட்டால், வட்டிக்கு வாங்கிப் போட்ட முதல், திருவிழாவின் நடு ராத்திரியில் கிழிந்து தொங்கும்.

குழாய் போய் பெட்டி வந்தது

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். இந்த இரண்டு ஊர்களையும் சுற்றி வருடம் முழுக்கத் திருவிழாக்கள்தான். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைக்கு அமாவாசை நடக்கும் ஊஞ்சல் உற்சவம், மயிலம் முருகனுக்குப் பங்குனி உத்திரம், ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் தீமிதி, அதையொட்டி விடிய விடிய தெருக்கூத்து. போதாததற்குக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. அத்தனைக்கும் மைக் செட் வேண்டும்.

ஒரு காலத்தில் மைக் செட் என்றால் வேப்ப மரத்திலோ தென்னை மரத்திலோ கட்டிய குழாய் ஸ்பீக்கர். அதன் ஒலி இரண்டு ஊர் தாண்டிக் கேட்கும். காரணம், அது மனிதக் குரல் இருக்கிற நடுத்தர அதிர்வெண்களை மட்டும் ஒரே திசையில் குவித்து அனுப்பும். அதற்குள் இருக்கும் டயஃப்ரம் மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் அசையும். அதனால் பேஸ் என்பதே அதில் கிடையாது.

பிறகு இரண்டு விஷயங்கள் மாறின. கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது; விநாயகர் சதுர்த்தி போன்ற விழாக்களுக்குக் காவல்துறை விதிக்கும் நிபந்தனைகளில், பெட்டி வடிவ ஒலிபெருக்கிக்கு மட்டுமே அனுமதி என்பது வழக்கமான வரி ஆனது. இன்னொன்று ரசனை. 1995-ல் கமல்ஹாசன் நடித்த 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. அதற்குப் பின் வந்த வருடங்களில் டால்பி, டி.டி.எஸ் என்ற பெயர்கள் தியேட்டர் போஸ்டர்களிலேயே இடம்பிடித்தன. தியேட்டரில் நெஞ்சில் வந்து மோதுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு, ஊர்த் திருவிழாவிலும் அதே 'டும்' தேவைப்பட்டது. அந்த 'டும்'தான் சப்வூஃபரின் வேலை.

அடிபம்புக் கணக்கு

சப்வூஃபரைப் புரிந்துகொள்ள அடிபம்பை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு முறை அடித்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? அது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, உள்ளே இருக்கும் சிலிண்டரின் அகலம். இன்னொன்று, வாஷர் எவ்வளவு தூரம் மேலே கீழே ஓடுகிறது என்பது. சிலிண்டர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வாஷர் அரை அங்குலம்தான் அசையும் என்றால் குடம் நிறையாது.

சப்வூஃபர் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைத் தள்ளுகிறது. கோனின் பரப்பளவை எக்ஸ்மேக்ஸால் பெருக்கினால், ஒரு பக்க ஓட்டத்தில் அது தள்ளும் காற்றின் அளவு கிடைக்கும். 18 அங்குல ஸ்பீக்கரின் கோன் பரப்பு சுமார் 1,200 சதுர சென்டிமீட்டர். 12 அங்குலத்துக்குச் சுமார் 500. வீட்டு ஹோம் தியேட்டர்களில் பரவலாக இருக்கும் ஆறரை அங்குலத்துக்குச் சுமார் 130.

இப்போது ஒரு கணக்கு. 18 அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் எக்ஸ்மேக்ஸ் 5 மில்லிமீட்டர் என்றால், அது தள்ளும் காற்று 600 கன சென்டிமீட்டர். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் எக்ஸ்மேக்ஸ் 12 மில்லிமீட்டர் என்றால், அதுவும் தள்ளுவது 600 கன சென்டிமீட்டர்தான். பார்வைக்கு ஒன்று யானை, ஒன்று கன்றுக்குட்டி. ஆனால், ஆழமான பேஸில் இரண்டும் சமம்.

சத்தம் எங்கே போய் நிற்கும் என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடும். திறந்த மைதானத்தில் தரையில் வைத்த மூடிய பெட்டி 40 ஹெர்ட்ஸில் ஒரு லிட்டர் காற்றைத் தள்ளினால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 112 டெசிபல் கிடைக்கும். அரை லிட்டர்தான் தள்ள முடியும் என்றால் 6 டெசிபல் குறையும். எத்தனை வாட்ஸ் ஆம்பிளிஃபயரைக் கொண்டுவந்து மாட்டினாலும், தள்ள முடிகிற காற்றுக்கு மேல் சுத்தமான சத்தம் வராது.

சுருதி இறங்கினால் ஓட்டம் ஏறும்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே அளவு சத்தம் வேண்டும், ஆனால் அதிர்வெண்ணைப் பாதியாக்க வேண்டும் என்றால், கோன் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஓட வேண்டும். இது இயற்பியல் விதி. எந்த கம்பெனி செய்தாலும் மாறாது.

80 ஹெர்ட்ஸில் ஒரு சத்தத்துக்கு கோன் 2 மில்லிமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே சத்தத்துக்கு 40 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் ஓட வேண்டும். 20 ஹெர்ட்ஸில் 32 மில்லிமீட்டர். 80-ல் அலட்டிக்கொள்ளாமல் பாடிய ஸ்பீக்கர், 40-ல் மூச்சு வாங்கும். 20-ல் உயிரை விடும்.

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஒலிப்பது சுமார் 41 ஹெர்ட்ஸில். இன்றைய சினிமாப் பாடல்களிலும் ரீமிக்ஸ்களிலும் அதற்கும் கீழே எலெக்ட்ரானிக் பேஸ் இறங்குகிறது. அதனால்தான் பழைய பாட்டுக்கு நன்றாக இருந்த அதே செட், புதுப் பாட்டு போட்டதும் 'டொப் டொப்' என்று அடித்துக்கொள்கிறது. ஆபரேட்டர் வால்யூமை ஏற்றியிருக்க மாட்டார். பாட்டுதான் ஆழத்துக்குப் போயிருக்கும்.

ஒரே ஸ்பீக்கர், நாலு எண்

சரி, மில்லிமீட்டரைப் பார்த்து வாங்கிவிடலாம் என்றால், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

கோனின் அடியில் வாய்ஸ் காயில் இருக்கிறது. அது மேக்னெட்டின் நடுவே உள்ள ஒரு மெல்லிய இடைவெளிக்குள் நின்று மேலும் கீழும் ஓடுகிறது. 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட அதே அடிப்படை அமைப்புதான் இன்றைக்கும். காயிலின் உயரம் அந்த இடைவெளியின் உயரத்தைவிட அதிகமாக இருக்கும். காயில் ஓடும்போது, இடைவெளிக்குள் எப்போதும் ஒரே அளவு கம்பிச் சுற்று இருக்கிற வரை ஒலி சுத்தம். காயிலின் முனை இடைவெளிக்குள் வந்துவிட்டால் காந்தத்தின் பிடி தளரும்; ஒலி கெடும்.

அதனால் எக்ஸ்மேக்ஸுக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. காயிலின் உயரத்திலிருந்து இடைவெளியின் உயரத்தைக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். காயில் 24 மில்லிமீட்டர், இடைவெளி 10 மில்லிமீட்டர் என்றால் விடை 7 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு 7.

சில கம்பெனிகள் இதை முன்பின் சேர்த்து 14 என்று போடும். வேறு சில, காயில் கொஞ்சம் வெளியே போனாலும் காது உடனே கண்டுபிடிக்காது என்று சொல்லி, இடைவெளி உயரத்தில் கால் பங்கைக் கூட்டிக்கொள்ளும். 7-உடன் இரண்டரை சேர்ந்து ஒன்பதரை ஆகிவிடும். அதையும் இரு பக்கமாகச் சொன்னால் 19.

ஆக 7, 9.5, 14, 19. நான்கும் ஒரே ஸ்பீக்கரின் எண்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால், 7 என்று நேர்மையாகப் போட்ட ஸ்பீக்கரை வைத்துவிட்டு, 19 என்று போட்டிருப்பதை வாங்கி வருகிறவர், அதே சரக்கைத்தான் கூடுதல் விலைக்கு வாங்கி வந்திருக்கலாம்.

இதைத் தவிர ஐந்தாவதாக ஓர் எண்ணும் உண்டு. 'எக்ஸ்மெக்' என்றோ, 'டேமேஜ் லிமிட்' என்றோ போட்டிருப்பார்கள். அது ஒலி கெடும் எல்லை அல்ல. காயில் போய் மேக்னெட்டின் அடித்தட்டில் இடிக்கும், அல்லது ஸ்பைடர் கிழியும் எல்லை. பார்க்க மிகப் பெரிய எண்ணாக இருக்கும் என்பதால் விளம்பரத்தில் இதைப் போடுவதும் நடக்கிறது. எக்ஸ்மேக்ஸ் என்பது சாலையின் வேக வரம்பு மாதிரி. எக்ஸ்மெக் என்பது சாலை முடிந்து கிணறு ஆரம்பிக்கிற இடம் மாதிரி.

சூத்திரத்தை நம்பாமல் அளந்தே சொல்கிற முறைகளும் இருக்கின்றன. கோனை ஓடவிட்டு, ஒலியில் 10 சதவிகிதம் சிதைவு வருகிற இடம்தான் எல்லை என்று 1984-ல் ஒலிப் பொறியாளர்களின் ஏ.இ.எஸ் அமைப்பு ஒரு முறையைத் தந்தது. ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் உள்ள கிளிப்பெல் நிறுவனத்தின் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், கோன் நகர நகர காந்தப் பிடி எவ்வளவு தளர்கிறது, ஸ்பைடர் எவ்வளவு இறுகுகிறது என்பதை லேசர் கொண்டு அளக்கின்றன. டேட்டா ஷீட்டில் 'அளந்தது' என்று குறிப்பு இருந்தால், அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

அப்படியானால் வாட்ஸ் எதற்கு?

வாட்ஸ் என்பது பெரும்பாலும் சூட்டைப் பற்றிய கணக்கு. ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது சில சதவிகிதம்தான். சின்ன வீட்டுப் பெட்டிகளில் ஒரு சதவிகிதம்கூடத் தேறாது. மீதி எல்லாம் வாய்ஸ் காயிலில் சூடாகிறது. அந்தச் சூட்டை எவ்வளவு நேரம், எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் வாட்ஸ் சொல்கிறது.

அதிலும் பல எண்கள். ஏ.இ.எஸ் முறையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு அளந்தது 600 வாட்ஸ் என்றால், 'புரோகிராம்' என்று 1,200 போடுவார்கள். 'பீக்' என்று 2,400 போடுவார்கள். பழைய டேப் ரெக்கார்டர் காலத்தில் பி.எம்.பி.ஓ என்று ஒன்று இருந்தது நினைவிருக்கும். அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது, கம்பெனியின் மனசுதான் எல்லை.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் 18 அங்குலம். முதலாவது பெட்டியில் 2,400 வாட்ஸ் பீக், எக்ஸ்மேக்ஸ் 5 மில்லிமீட்டர். இரண்டாவதில் 1,600 வாட்ஸ் பீக், எக்ஸ்மேக்ஸ் 9 மில்லிமீட்டர். கடையில் முதலாவதுதான் உடனே விலைபோகும். ஆனால், வாட்ஸில் அது முன்னால் இருப்பது 2 டெசிபலுக்கும் குறைவு. ஆழமான பேஸில் இரண்டாவது முன்னால் இருப்பது 5 டெசிபல். அந்த 5 டெசிபலை ஆம்பிளிஃபயரால் ஈடுகட்ட வேண்டும் என்றால் மூன்று மடங்குக்கும் மேல் பவர் தேவை. அப்படிப் பவரை ஏற்றினால் முதல் ஸ்பீக்கரின் காயில் எல்லையைத் தாண்டும்.

600 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கர், 35 ஹெர்ட்ஸில் 200 வாட்ஸிலேயே தன் எக்ஸ்மேக்ஸைத் தொட்டுவிடலாம். மீதி 400 வாட்ஸ் தாங்கும் சக்தி அந்த ஆழத்தில் பயன்படாது. வாட்ஸ், மில்லிமீட்டர் இரண்டில் எது முதலில் தீர்கிறதோ, அதுதான் அந்த ஸ்பீக்கரின் உண்மையான எல்லை.

கருகியதா, கிழிந்ததா?

ரீகோன் செய்ய ஸ்பீக்கரைக் கொண்டுபோகிறபோது, பிரித்ததும் உள்ளே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அடுத்த ஸ்பீக்கரைக் காப்பாற்ற அது உதவும்.

காயில் கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் அது சூட்டால் போனது. அதிகப் பவர் போயிருக்கிறது, அல்லது ஆம்பிளிஃபயர் தாங்காமல் கிளிப் ஆன சிக்னல் நீண்ட நேரம் போயிருக்கிறது. இதற்கு நேரம் எடுக்கும். காயில் சூடாகச் சூடாக செம்பின் மின்தடை ஏறும். 200 டிகிரி கூடினால் ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிவிடும். அதனால் ராத்திரி போகப் போகச் சத்தம் இறங்குவதுபோல் இருக்கும். ஆபரேட்டர் ஃபேடரை இன்னும் மேலே தள்ளுவார். அதுதான் கடைசி அடி.

காயில் பளபளவென்று புதிதாக இருந்து, ஸ்பைடர் கிழிந்தோ, கோன் கழன்றோ, காயில் சுற்றிய உருளையின் அடி நசுங்கியோ இருந்தால் அது ஓட்டத்தால் போனது. இதற்கு நிமிடக் கணக்கெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு அடி போதும். ஆன் செய்த ஆம்பிளிஃபயரில் கேபிளைப் பிடுங்குவது, மைக் கீழே விழுவது, மிக்ஸரை ஆம்பிளிஃபயருக்குப் பிறகு ஆன் செய்வது... ஒவ்வொன்றும் கோனை ஒரே தள்ளாகத் தள்ளும். இப்படிப் போன ஸ்பீக்கருக்குப் பதிலாக 'இன்னும் அதிக வாட்ஸ்' ஸ்பீக்கர் வாங்குவதில் பயனில்லை. நோய் ஒன்று, மருந்து வேறு.

துவாரம் வைத்த பெட்டி

திருவிழாவுக்கு வரும் பேஸ் பெட்டிகள் பலவற்றில் முன்பக்கம் ஒரு துவாரம் இருக்கும். 'போர்ட்' என்பார்கள். பெட்டியை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு, உதாரணமாக 40 ஹெர்ட்ஸுக்கு, ட்யூன் செய்திருப்பார்கள். அந்த அதிர்வெண்ணில் துவாரத்தில் இருக்கும் காற்றே பெரும்பாலான வேலையைச் செய்யும். கோன் கொஞ்சம்தான் அசையும். பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே இருக்கும் இந்தக் கணக்கை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் வகுத்துத் தந்தார்கள். டேட்டா ஷீட்டில் 'டி.எஸ் பாராமீட்டர்' என்று வருவது இவர்கள் இருவரின் பெயரால்தான்.

ஆபத்து, ட்யூனிங்குக்குக் கீழே இருக்கிறது. 40-க்கு ட்யூன் செய்த பெட்டிக்கு 25 ஹெர்ட்ஸ் சிக்னல் போனால், உள்ளே இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிக்காது. துவாரம் வழியே வெளியேறிவிடும். கோன் பிடி இல்லாத ஊஞ்சல் போல வீசி ஆடும். சத்தமோ வெளியே கேட்கவே கேட்காது. கேட்கவில்லை என்பதால் ஆபரேட்டர் இன்னும் ஏற்றுவார்.

இதற்கு வைத்தியம் எளிது. கிராஸ்ஓவரிலோ, மிக்ஸரிலோ, ஆம்பிளிஃபயரிலோ 'ஹை பாஸ்', 'லோ கட்' அல்லது 'சப்சானிக்' என்று ஒரு வசதி இருக்கும். 40-க்கு ட்யூன் செய்த பெட்டிக்கு அதை 35-க்குப் பக்கத்தில் வைத்தால் போதும். காதுக்கு இழப்பு ஒன்றுமில்லை. ஸ்பீக்கருக்கு ஆயுள் கூடும்.

தெருக்கூத்துக்கு இது இன்னும் முக்கியம். மிருதங்கம், ஹார்மோனியம், முகவீணை, தாளம், பாட்டு... இவைதான் கூத்தின் ஒலி. ஆண் குரலின் அடிநாதமே பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. ஆனால், கட்டியக்காரன் மேடைப் பலகையில் குதிக்கும்போது, அந்த அதிர்வு மைக் ஸ்டாண்டு வழியாக ஏறி சப்வூஃபருக்குப் போய்விடும். வசனம் புரியாமல் 'கும்' என்று அடைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். குரல் மைக்குகளுக்கு லோ கட் போட்டுவிட்டு, சப்வூஃபருக்கு ஓய்வு கொடுத்தால் கூத்து தெளிவாகக் கேட்கும். கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் வசனம் போய்ச் சேரும்.

வீட்டு ஹாலில்...

ஆறரை அங்குல ஸ்பீக்கர், 4 மில்லிமீட்டர் எக்ஸ்மேக்ஸ் என்றால் தள்ளும் காற்று 52 கன சென்டிமீட்டர். டீக்கடைக் கிளாஸில் பாதி. 9 மில்லிமீட்டர் ஓடும் 18 அங்குல ஸ்பீக்கர் தள்ளுவதில் இருபதில் ஒரு பங்கு. அட்டைப் பெட்டியின் மேல் எத்தனை ஆயிரம் வாட்ஸ் அச்சடித்திருந்தாலும் இந்த அரை கிளாஸ் காற்று கூடப்போவதில்லை.

ஆனால், வீட்டுக்கு ஒரு வசதி உண்டு. மைதானத்தில் ஓடிப்போகும் பேஸை, வீட்டில் நான்கு சுவர்களும் தளமும் சேர்ந்து பிடித்துவைக்கும். பெட்டியைச் சுவரை ஒட்டி, மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் கூடும். காசு செலவழிப்பதற்கு முன் இடத்தை மாற்றிப் பார்ப்பது லாபம். காருக்குள்ளும் இதே கதைதான். மூடிய கேபின் பேஸுக்குத் துணை செய்யும்.

அப்படியும் போதவில்லை என்றால், ஒரு பெட்டியை வருத்தி எடுப்பதைவிட இன்னொரு பெட்டி வாங்கி ஒட்டி வைப்பது நல்லது. ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் 6 டெசிபல் கூடும். ஒவ்வொரு கோனும் ஓடும் தூரம் கூடாது. ஒரே பெட்டியில் அந்த 6 டெசிபலை எடுக்க கோன் இரு மடங்கு ஓட வேண்டும். பவர் நான்கு மடங்கு வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சுவர்

நிறைய காற்றைத் தள்ளும் பெட்டி கையில் இருந்தால் ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் கூடாது. பண்டிகை, கலாசார விழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். பொது இடத்தின் எல்லையில் சத்தம், அந்தப் பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது. இரண்டில் எது குறைவோ அது.

அந்த டெசிபல், 'ஏ' அளவுகோலில் அளக்கப்படுகிறது. மனிதக் காது தாழ்ந்த ஒலியைக் குறைவாகக் கேட்கும் என்பதால், அந்த அளவுகோல் பேஸைக் கழித்துவிடும். 40 ஹெர்ட்ஸில் அது கழிப்பது கிட்டத்தட்ட 35 டெசிபல். அதாவது, மீட்டர் 75 என்று காட்டும்போது, 40 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் தனியாக இருந்தால், அது உண்மையில் 110-க்குப் பக்கத்தில் இருக்கலாம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். ஒரு செங்கல் சுவர் அதற்குப் பெரிய தடையே இல்லை. மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தாலும், பக்கத்து வீட்டில் ஜன்னல் கம்பி நடுங்கும். தொட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். நோயில் படுத்திருப்பவருக்கு நெஞ்சில் இடிக்கும்.

பெட்டிகளைக் கூட்டத்தைப் பார்த்து வைத்து, வீடுகளுக்கு மிக அருகில் அடுக்காமல் இருப்பதும், இரவு ஏற ஏற பேஸை மட்டும் கொஞ்சம் இறக்குவதும் இதற்கு உதவும். பாட்டு அப்படியே கேட்கும்.

கடையில் கேட்க வேண்டியவை

சப்வூஃபர் வாங்கப் போகும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டால் போதும்.

எக்ஸ்மேக்ஸ் எவ்வளவு? அது ஒரு பக்கமா, இரு பக்கமும் சேர்த்தா?

அது சூத்திரப்படி போட்டதா, அளந்ததா? சூத்திரம் என்றால் காயில் உயரமும் இடைவெளி உயரமும் என்ன? இந்த இரண்டும் தெரிந்தால் கழித்து வகுத்து நாமே சரிபார்த்துவிடலாம்.

வாட்ஸ் என்பது ஏ.இ.எஸ் அல்லது ஆர்.எம்.எஸ் கணக்கா, புரோகிராமா, பீக்கா? ஒப்பிடும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் ஒரே கணக்கு வேண்டும்.

பெட்டி எத்தனை ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்யப்பட்டது? லோ கட் எங்கே வைக்க வேண்டும்?

ரீகோன் கிட் கிடைக்குமா? ஒரிஜினல் காயிலுக்குப் பதிலாக உயரம் குறைந்த காயிலைச் சுற்றிப் போட்டால், ஸ்பீக்கர் பாடும். ஆனால், எக்ஸ்மேக்ஸ் குறைந்துபோயிருக்கும்.

டேட்டா ஷீட்டே இல்லை என்றால், கையிலிருக்கும் போன் உதவும். முன் வலையைக் கழற்றிவிட்டு, கோனின் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பக்கவாட்டில் ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றி, ஸ்லோ மோஷனில் படம் எடுக்க வேண்டும். ஸ்டிக்கர் ஸ்கேலில் எங்கிருந்து எங்கே போகிறது என்பது இரு பக்கமும் சேர்ந்த ஓட்டம். பாதியாக்கினால் ஒரு பக்கம். சுத்தமான 'ஊம்' ஒலியோடு வேறு ஒலிகள் கலந்து கரகரக்கத் தொடங்குகிற இடத்தில் உடனே நிறுத்திவிட வேண்டும். 'டக்' என்ற சத்தம் வரும்வரை போகக் கூடாது. கரகரப்பு தொடங்கிய இடத்தில் ஸ்கேல் காட்டிய அளவுதான், அந்த ஸ்பீக்கரைப் பொறுத்தவரை நம்பக்கூடிய மில்லிமீட்டர். அதைப் பெட்டியின் பின்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால், அடுத்த திருவிழாவில் யார் ஆபரேட் செய்தாலும் பயன்படும்.